பத்தா, இருபத்தஞ்சா

சாப்பிட்டு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்து வைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் தவசிக்கனி அண்ணாச்சி மாடிக்குப் போய்விட்டார். "பொண்ணா பாக்கீரு வேய், இம்புட்டு நேரம்? ரெண்டும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். ஒண்ணு வாட்டசாட்டம், ஒண்ணு ஒல்லி, அம்புட்டுத்தான்" என்று படியேறும்போது அவர் சொன்னது இன்னும் கடைக்குள் நின்றுகொண்டிருந்தது. வள்ளத்தில் மாட்டுகிற எஞ்சின்கள் இரண்டும் மரச்சட்டத்தில் பக்கம்பக்கமாக மாட்டிக் கிடந்தன. ஒன்று இருபத்தஞ்சு ஹெச்.பி., தூக்க இரண்டு ஆள் வேண்டும். மற்றது பத்து ஹெச்.பி., மூச்சைப் பிடித்தால் ஒருத்தனே தோளில் வைத்துக் கரையேறிவிடலாம். பத்தா, இருபத்தஞ்சா. வலேரியன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் காலைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். பார்வை இரண்டிலும் தங்கவில்லை. பின்வாசல் வழியாக முற்றத்தில் தெரிந்த தண்ணீர் டிரம்மில் போய்ப் போய் விழுந்தது. டிரம்மின் விளிம்பில் அவர்களுடைய பழைய எஞ்சினை மாட்டியிருந்தார்கள். மெக்கானிக் சுடலை சாப்பிடப் போயிருக்கிறான். வந்ததும் கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்ப்பான், கோளாறு என்னவென்று சொல்வான், அதற்குப் பிறகுதான் பழையதைக் கழித்துக்கொண்டு புதியதைத் தருகிற பேச்சு. கோளாறு என்னவென்று சொல்வான். இந்த இடத்துக்கு வந்ததும் வலேரியனின் நினைப்பு பாறையில் சிக்கிய வலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், விட்டால் போய்விடும். அந்த எஞ்சினுக்கு ஒரு கோளாறும் கிடையாது. முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். பெண்டாட்டி கித்தேரிக்குத் தெரியாது, கடற்கரைக்குத் தெரியாது, இரண்டு நாற்காலி தள்ளி எஞ்சின் படம் போட்ட தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும் கித்தேரியின் அண்ணன் இஞ்ஞாசி மச்சானுக்குத் தெரியாது. மச்சான் தாளை மெல்ல நகர்த்தி இடது கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். வலேரியன் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெருசையே எடுத்துருவோம் மாப்ள" என்றார் மச்சான் தாளுக்குள்ளிருந்து. காலையிலிருந்து இது எத்தனையாவது தரமோ. "கனம் மச்சான். வள்ளத்துப் பின்னணியம் தாழும், தண்ணி ஏறும்." "தாழட்டும். நான் முன்னணியத்துல ஒரு அடி கூடத் தள்ளி நிக்கேன். உன் பொண்டாட்டி ஆக்கிப்போடுத சோத்துக்கு நானே ஒரு எஞ்சின் கனம் இருப்பேன்." "என் பொண்டாட்டியா, ஒங்க தங்கச்சியா?" "சோறு நல்லாருந்தா என் தங்கச்சி. உப்பு கூடிப்போச்சுன்னா உன் பொண்டாட்டி." வலேரியன் சிரித்தான். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஏன் இவர் பெரியதைப் பிடித்துத் தொங்குகிறார். வேகம் வேண்டும் என்கிறார், அலைக்கு முன்னால் ஓடிவிடும் என்கிறார். அதுவா காரணம். இரண்டு ஆள் தூக்குகிற எஞ்சின் என்றால் வள்ளத்துக்கு இரண்டு ஆள் வேண்டும், கரையில் இறங்கிய பிறகும் இரண்டு தோள் வேண்டும், தன்னை விட்டுவிட்டு இவன் போக முடியாது என்று கணக்குப் போடுகிறாரோ. அப்படியானால் இவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தால் எவ்வளவு தெரியும். சரி, நீ ஏன் சின்னதைப் பிடித்துத் தொங்குகிறாய் என்று அவனுக்குள் ஒன்று கேட்டது. கனம் குறைவு, எண்ணெய் குறைவு, வள்ளம் சின்னது, இதற்கு இது போதும். எல்லாம் சரியான பதில்கள்தான். சரியான பதில்களாகவே வரிசையில் வந்து நின்றதில்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. பத்து ஹெச்.பி. என்றால் அவன் ஒருத்தனே போய்வரலாம். அந்த வாக்கியத்தை அவன் இதுவரை ஒரு தரம்கூட முழுசாக நினைத்ததில்லை. பாதியில் விட்டுவிட்டு வேறு எதையாவது நினைப்பான், கித்தேரி சிமெண்டு வாங்கிவரச் சொன்னதை, கூரையில் விரிசலை. இன்றைக்கு அது தானாகவே முடிந்துவிட்டது.

அவர்கள் கரைக்குத் துறைமுகம் கிடையாது. போகும்போதும் வரும்போதும் அலை உடைகிற இடத்தைத் தாண்டியாக வேண்டும். போவதில் பெரிய வித்தை இல்லை, அலை எதிரே தெரியும். வருவதுதான் உயிர். அலை உடைகிற இடத்துக்கு வெளியே எஞ்சின் வேகத்தைத் தாழ்த்தி வைத்துக் காத்து நிற்பார்கள். எஞ்சின் பிடிக்கிறவன் பின்னணியத்தில் கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், கடல் அவன் முதுகுக்குப் பின்னால். முன்னணியத்தில் நிற்கிறவர் அவனுக்கு எதிர்முகமாக நின்று, அவன் தலைக்கு மேலாகக் கடலைப் பார்ப்பார். பெரிய அலைகள் வரிசையாகப் போய் முடிந்து கடல் அமர்கிற நேரம் பார்த்து "விடு" என்பார். விட வேண்டும். அந்தச் சொல்லுக்கும் கை எஞ்சின் பிடியை முறுக்கி வேகம் கொடுப்பதற்கும் நடுவே ஒரு மூச்சுகூடக் கிடையாது. குரல் மூத்தவருக்கு, கை இளையவனுக்கு. பிடிக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அது குரலை நம்பாதவன் செய்கிற காரியம். ஒருமுறை ஒரு மகன் தகப்பன் சொல்லியும் விடாமல் வெளியே நின்றான். பின்னாலேயே வந்த அலை பனை உயரத்துக்கு உடைந்தது. மகன் நின்றதுதான் சரி என்று கரையில் நின்ற அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். தகப்பன் இறங்கி வீட்டுக்குப் போனார், மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வலைக்கொட்டகையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், அடுத்த கச்சான் காற்றுப் பருவத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரும் மகனைத் திட்டவில்லை. ஆனால் அவன் வள்ளத்தில் ஏற ஆள் கிடைக்கவில்லை. வலேரியன் கல்யாணம் முடிந்த வருசத்திலிருந்து மச்சானின் குரலுக்குக் கை முறுக்கியவன். கடல் எப்படி இருந்தது என்று அவன் பார்த்ததே இல்லை, மச்சானின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான், அந்த முகத்தில்தான் அவனுக்குக் கடல் தெரியும். புருவம் இறங்கினால் சின்ன அலை, உதடு ஒட்டினால் பெரிய அலை.

தெற்கேயிருந்து சோழகக் காற்று கிளம்பிய வாரத்தில் ஒருநாள் மச்சான் புருவம் இறங்கிய முகத்தோடு "விடு" என்றார். கை முறுக்கப் போனது. அப்போது உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டது, பின்னணியம் ஒரு சாண் இறங்கியது. கடல் மூச்சை உள்ளே இழுக்கிறது, அப்படியானால் விடப்போகிறது, தெற்கே இருந்து, மச்சானுக்கு வலப்பக்கமிருந்து. திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. பெருவிரல் அதுவாகவே பிடியின் ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது. எஞ்சின் நின்றது. அலை அவர்களைத் தூக்கி இறக்கிவிட்டு முன்னால் போய் உடைந்த சத்தத்தில் கரையிலிருந்த நாய்கள் ஓடின. "என்ன எழவு எஞ்சினு" என்றார் மச்சான். வலேரியன் பொத்தானை அமுக்கியபடியே கயிற்றை இரண்டு தரம் பொய்யாக இழுத்தான், மூன்றாவது தரம் மெய்யாக இழுத்தான். அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. இரண்டாவது தரம், மூன்றாவது தரம், போன வாரம் இன்னொரு தரம். பொய் வளர்ந்து கரையேறி ஊருக்குள் நடக்க ஆரம்பித்தது. வலேரியன் எஞ்சின் சரியான நேரத்தில் கண்ணை மூடிவிடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தன் பிளக்கை மாற்று என்றான், ஒருத்தன் கார்பரேட்டரைக் கழுவு என்றான், இவன் எல்லாவற்றையும் மாற்றினான், கழுவினான், நன்றாக இருந்த எஞ்சின் இன்னும் நன்றாகிவிட்டது. கித்தேரிதான் ஒருநாள் சோற்றுச் சட்டியை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள். "புருசனும் அண்ணனும் ஒரே வள்ளத்துல போறிய. அந்தச் சனியன மாத்துங்க. இல்லன்னா நான் கல்லத் தூக்கி அது மண்டைல போடுதேன்." அப்படித்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நோயில்லாத ஒன்றுக்கு மாற்று வாங்க.

நோய் எங்கே என்று அவனுக்குத் தெரியும். மச்சான் வலப்பக்கம் நிற்கிறவரைப் பார்க்க இப்போதெல்லாம் சேவல் மாதிரி முழுத்தலையையும் திருப்புகிறார். கோவில் பூசையில் பக்கத்து ஆளுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லும்போது வலப்பக்கத்து ஆள் கைகூப்பியபடியே நின்றார், இவர் இடப்பக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், அந்த ஆள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கித்தேரிக்கு அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது. "எங்க அண்ணன் இப்பல்லாம் என்னய முழுசாத் திரும்பிப் பாத்துப் பேசுதான், முந்தில்லாம் ஓரக்கண்ணாலதான் பேசுவான்" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதுகொண்டே அண்ணனிடம் போவாள், அதோடு குரல் போய்விடும். டாக்டரிடம் போவோம் என்று ஒரு வார்த்தை மச்சானிடம் சொல்லலாம்தானே. எப்படிச் சொல்வது. மச்சான், ஒங்க வலது கண்ணு... இதற்கு மேல் வாய்க்குள் வார்த்தை இல்லை. கண்ணைச் சொன்னால் குரலைச் சொன்னதாகும், குரலைச் சொன்னால் பொத்தானைச் சொல்ல வேண்டும், பொத்தானைச் சொன்னால் நாலு தரமும் உங்களை நம்பவில்லை என்று சொன்னதாகும். ஒரு நூலை இழுத்தால் வலை முழுதும் வரும். அதைவிட எஞ்சின் வாங்குவது எளிது. எளிதா. இருபத்தஞ்சை வாங்கினால் நாளைக்கே மச்சான் "விடு" என்பார். புது எஞ்சின், கண்ணை மூடாது, மூடினால் யார் நம்புவார்கள். பின்னணியத்தில் அத்தனை கனம், தெற்கேயிருந்து அலை, மச்சானின் முகத்தில் புருவம் இறங்கியிருக்கும், விட வேண்டும். விட்டால் அலைக்கு முன்னால் ஓடும், ஓடி அதன் மடிப்புக்குள் மூக்கைக் கொடுத்துக் குப்புற விழும், அத்தனை கனமும் மேலே. பத்தை வாங்கினால் மச்சான் கரையில் நிற்பார். நாளைக்கு வேண்டாம் மச்சான், காத்து கூடக் கிடக்கு, நான் மட்டும் போய்ட்டு வாரேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் அவரே வரமாட்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு மனுசனைக் கொட்டகையில் உட்கார வைத்துவிடலாம், அதற்கு விற்பனைக்கு ஒரு எஞ்சின் இருக்கிறது, ஒல்லியாக, அழகாக. வலேரியன் தன் பெருவிரலைப் பார்த்தான். போன வாரம் அது மச்சான் வாய் திறப்பதற்கு முன்பே பொத்தான்மேல் போய் இருந்தது. நல்ல அலைக்கும் இனி இது அமுக்கிவிடுமோ. அமுக்கி, எஞ்சின் மெய்யாகவே எழும்பாமல் போய்...

சுடலை இன்னும் வரவில்லை. வந்து கயிற்றை இழுத்தால் முடிந்தது. வலேரியன் எழுந்தான். கை கால் நீட்டுகிறவன்போல் பின்வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தான். வெயில் டிரம் தண்ணீரில் விழுந்து எண்ணெய்ப் படலத்தை நிறம் நிறமாகக் காட்டியது. மூடியைத் தூக்கினால் பிளக் வயர். விரலால் ஒரு இழு, போதும், செத்த எஞ்சின். சுடலை பத்து தரம் இழுத்துப் பார்ப்பான். கெட்டிக்காரன் என்றால் வயரைக் கண்டுபிடிப்பான், கண்டுபிடித்தாலும் இதுதான் கோளாறு என்பான், ஆக எப்படியும் கோளாறு இருந்தது என்றாகிவிடும். கை மூடிக்குப் போனது. மூடி சூடாக இருந்தது. தாழ்ப்பாளை விடுவித்தான். கடைக்குள்ளிருந்து பார்த்தால் தெரியுமோ என்று தோளுக்கு மேலே பார்த்தான். மச்சான் இருந்த நாற்காலி நேரே தெரிந்தது. அவர் தாளை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவன் நின்ற முற்றம் அவருக்கு வலப்பக்கம். அவர் தலையைத் திருப்பவில்லை. திருப்பாதவரை அவருக்கு இங்கே யாரும் இல்லை, டிரம் இல்லை, வலேரியன் இல்லை, வெறும் இருட்டோ வெறும் வெள்ளையோ எதுவோ. அது தெரிந்துதான் இந்தப் பக்கமாக வந்தேனா என்று நினைத்ததும் விரல்கள் தாமாகவே மூடியைவிட்டு வந்துவிட்டன. நாலு தரம் பொத்தானை அமுக்கியபோது வராத வெட்கம் இப்போது வந்தது. அப்போது அந்தக் கண்ணிலிருந்து அவரைக் காப்பாற்றினான். இப்போது அந்தக் கண்ணுக்குள் ஒளிந்துகொண்டு நிற்கிறான். தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டான். அது போட்ட சத்தத்துக்கு மச்சான் முழுத்தலையையும் திருப்பினார். "என்னத்த மாப்ள அங்கன நோண்டுத?" "சும்மா மச்சான்." "சும்மா நோண்டாத. செத்ததப் போயி."

சுடலை பல் குத்திக்கொண்டே வந்தான். பெட்ரோல் டேங்கின் குழாயை மாட்டினான், குமிழை இரண்டு அமுக்கு அமுக்கினான், ஒரு காலை டிரம்மில் ஊன்றிக் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டு முற்றத்தை நிறைத்தது. தண்ணீர் கொப்பளித்தது. சுடலை பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "இதுக்கு என்னய்யா கேடு? அரைச்ச மாவு கெணக்கா ஓடுது. இதயா கழிக்கப் போறிய?" மச்சான் எழுந்து வந்து டிரம் பக்கத்தில் நின்றார். கையை எஞ்சின் தலையில் வைத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நிறுத்தும்" என்றார். சுடலை சிவப்புப் பொத்தானை அமுக்கினான். எஞ்சின் நின்றது. இருமவில்லை, திக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று நின்றது. "இன்னொருக்க ஓட்டி நிறுத்தும்" என்றார் மச்சான். ஓட்டினான். நிறுத்தினான். அதே சத்தமின்மை, கடலில் நின்றபோதும் இதேதான். எண்ணெய் வராமல் சாகிற எஞ்சின் இருமி இருமித்தான் சாகும், அது இருவருக்கும் தெரியும், இருவருமே எத்தனையோ எஞ்சின் செத்ததைக் கேட்டவர்கள். மச்சான் முழுத்தலையையும் திருப்பி வலேரியனைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தான். கத்தினால் நல்லது. "எத்தன தடவ மாப்ள?" என்றார் மச்சான், வலை எத்தனை பாகம் நீளம் என்று கேட்கிற குரலில். "நாலு." மச்சான் தலையை ஆட்டினார். கையை எஞ்சினிலிருந்து எடுக்கவில்லை. "நான் ஆறுல்லா தப்பாச் சொன்னேன்" என்றார்.

ஆறு. மற்ற இரண்டு எது. வலேரியனின் மனம் பின்னால் ஓடியது, ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு கரையேற்றமாக. நல்ல மீன்பாடு பட்ட நாளா, பாரை மீனை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்த நாளா. அவன் கை முறுக்கியிருக்கிறான், ஒன்றும் உணராமல், சீட்டியடித்துக்கொண்டுகூட. இரண்டு தரம் செத்துப் பிழைத்திருக்கிறான், அதில் எந்த நாளும் நினைவில் தனியாக நிற்கவில்லை. "தெரிஞ்சுதான் சொன்னியளா?" "சொன்ன பொறவுதான் தெரியும். வாயிலேர்ந்து போன பொறவுதான் அந்தப் பக்கத்துலேர்ந்து எழும்பி வரும். நாலு தரம் எஞ்சின் நின்னுச்சா, நான் அந்தோணியார்னு நினைச்சேன்டே. அவருதான் கைய வச்சி நிறுத்துதாருன்னு. மெழுகுதிரிகூடக் கொளுத்தினேன்." சுடலை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று குழாயைக் கழற்றப் போனான். "அவர எத்தன நாளைக்கு நம்புறது. அதான் பெருசுன்னேன். நான் தப்பாச் சொன்னாலும் அது தப்பிச்சி ஓடிரும்னு" என்றார் மச்சான். வலேரியன் தான் ஏன் சின்னதைச் சொன்னான் என்பதைச் சொல்ல வாயெடுத்தான். மச்சான் கையைக் காட்டினார். "சொல்லாத. சின்னது எதுக்குன்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்." அண்ணாச்சி ஏப்பத்தோடு மாடியிறங்கி வந்தார். "என்ன வேய், எது?" "பழசு" என்றார் மச்சான். "பழசா? காலைலேர்ந்து என் ஃபேனுக்குக் கீழ உக்காந்து காத்து வாங்கிட்டு..." "நல்ல காத்து அண்ணாச்சி. தெக்கத்திக் காத்து மாதிரி இருந்துச்சு."

டிரம்மிலிருந்து கழற்றித் தோளில் ஏற்றினார்கள், மச்சான் முன்னால், அவன் பின்னால். லோடு ஆட்டோ சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. கடைப்படி இறங்கிச் சாலை ஓரத்துக்கு வந்ததும் மச்சான் நின்றுவிட்டார். உப்பு லாரிகள் டவுன் துறைமுகத்துக்குப் போகிற நேரம், வலப்பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்ணை முகத்தில் அடித்துவிட்டுப் போயின. மச்சான் நின்றுகொண்டே இருந்தார். தலையைத் திருப்பிப் பார்க்கப் போகிறார் என்று வலேரியன் காத்திருந்தான். கழுத்து நரம்பு ஒருமுறை அசைந்தது, பிறகு அப்படியே அடங்கியது. "நீ சொல்லு மாப்ள" என்றார் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி. வலேரியன் வலப்பக்கம் பார்த்தான். ஒரு லாரி, அதை ஒட்டி டவுன் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பின்னால் என்ன என்பதைப் பஸ் மறைக்கிறது. இத்தனை வருசம் முதுகுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் இதுதானா, இப்படிப் பார்த்துக்கொண்டு ஒரு மனுசன் எதிரே நின்றானா, ஒவ்வொரு நாளும், இன்னொருத்தன் உயிரையும் நாக்கில் வைத்துக்கொண்டு. தோளில் இரும்பு அழுத்தியது. தன் கனம் எது, மச்சானின் கனம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. லாரி போனது. இப்போதா. இல்லை. பஸ் போனது, அதன் பின்னால் ஒரு சைக்கிள், சைக்கிளுக்குப் பின்னால் நீளமாக வெறும் தார். வலேரியன் வாயைத் திறந்து சொன்னான். மச்சான் தலையைத் திருப்பாமல் காலை எடுத்துச் சாலையில் வைத்தார்.